வெண்கலத்தம்மா

குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிறது. விழட்டும். அது நிற்கிற வரைக்கும் எனக்கு நேரம் இருக்கிறது. பரசு சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், குளிக்கப் போனால் வாளியோடு குடும்பம் நடத்துவான், பட்டாளத்தில் சேர்ந்த பிறகும் வீட்டுக்கு வந்தால் அந்தக் குணம் போகவில்லை, இன்றைக்கும் நடத்தட்டும், காட்பாடியில் ரயில் இவனுக்காக நிற்காது என்றாலும் நடத்தட்டும். கார் வந்ததும் டிரைவர் ஹாரன் அடிப்பான். அதற்குள் நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரிந்தாக வேண்டும். அடுப்பில் புளிக்காய்ச்சல் கொதிக்கிறது, வழியில் சாப்பிடப் புளிசாதம், லடாக் வரைக்கும் கெடாமல் இருக்கப் பருப்புப்பொடி, நாரத்தங்காய், எல்லாம் கட்டியாயிற்று. கரண்டி பிடித்திருக்கிற விரலில் நகக்கண்ணுக்குள் புளி கறுத்துக் கிடக்கிறது, இந்தப் புளி இல்லை, விடிந்ததும் விடியாததுமாகப் பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்தேனே அந்தப் புளி. எவ்வளவு கழுவியும் போகவில்லை. என் பிள்ளை லீவு முடிந்து போகிறான். குளித்து முடித்து வெறுங்காலோடு வந்து வெண்கலத்தம்மாவைக் கும்பிடுவான், அவள் மேலிருக்கிற குங்குமத்தை நான் தொட்டு அவன் நெற்றியில் வைப்பேன், அவன் திரும்பிப் பார்க்காமல் போவான். இந்த வீட்டிலிருந்து பட்டாளத்துக்குப் போன ஆண்பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் போனார்கள். இன்றைக்கு அந்தக் குங்குமத்தை வைக்கலாமா, கூடாதா. இதுதான் கேள்வி. கேள்வி சின்னதுதான், போன மாதத்திலிருந்து என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது.

வெண்கலத்தம்மா என்றால் ஒரு வட்டத் தட்டு. உள்ளங்கை இரண்டையும் சேர்த்து விரித்தால் அடங்குகிற அளவு, நல்ல கனம், வெண்கலம். அதில் ஒரு பெண் நிற்கிறாள், கையில் சூலம், இன்னொரு கையில் மாலை, காலடியில் சிங்கம். சூலமும் சிங்கமும் இருந்தால் அவள் யார் என்று யாராவது கேட்பார்களா? நானும் கேட்கவில்லை. பக்கத்தில் இரண்டு மீன் வேறு இருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் மீன் எதற்கு என்று மட்டும் வாய் தவறிக் கேட்டேன். "கடல் தாண்டி வந்தவ, மீனு இல்லாம இன்னா இருக்கும்?" என்றார் அத்தை, என் புருஷனைப் பெற்றவர், எதற்கும் அவரிடம் பதில் இருக்கும். கடல் தாண்டி வந்தது நிஜம்தான். அத்தையின் மாமனாரைப் பெற்ற ரத்தினம் என்பவர், பஸ்ராத் தாத்தா என்று வீட்டில் பெயர், வெள்ளைக்காரன் பட்டாளத்தில் கப்பலேறி ஈராக்கில் இருக்கிற பஸ்ராவுக்குப் போனார். போனவர் வரவில்லை. சண்டை முடிந்து ஊரே மறந்த பிறகு தபால்காரன் ஒரு பார்சலைக் கொண்டுவந்து, உன் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து வந்திருக்கிறது என்று அவர் மனைவி குப்பம்மாளிடம் கொடுத்தான். பிரித்தால் அம்மன். கூட ஒரு இங்கிலீஷ் காகிதம் இருந்ததாம், படிக்க ஆள் இல்லை, மாடத்தில் செருகி வைத்துக் கரையான் தின்றது. குப்பம்மாளுக்குப் புரிந்தது இவ்வளவுதான், தான் வருகிற வரைக்கும் வீட்டைக் காக்கச் சொல்லிப் புருஷன் அம்மனை அனுப்பியிருக்கிறார். மஞ்சள் பூசினாள், குங்குமம் வைத்தாள், முகமும் சூலமும் மட்டும் தெரியும்படி பட்டுத்துணி சுற்றினாள். அவள் பிள்ளை பர்மாவுக்குப் போகும்போது இதைக் கும்பிட்டுவிட்டுப் போனார், வந்தார். என் மாமனார் பங்களாதேஷ் சண்டைக்குப் போனார், ஒரு காது கேட்காமல் போனதோடு வந்தார். அப்புறம் எப்படி நம்பாமல் இருப்பது? வருஷத்துக்கு ஒருதரம் தை வெள்ளியில் வீட்டில் மூத்த பொம்பளை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு புளி போட்டுத் தேய்க்கலாம். ஓரத்தைச் சுற்றி இருக்கிற எழுத்தை உற்றுப் பார்க்கக் கூடாது, அது மந்திரம், படித்தால் கண் போய்விடும் என்பார் அத்தை. அத்தை போன பிறகு தேய்ப்பவள் நான்தான். பத்தாவது பாஸ் பண்ணியவள், அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு ஏபிசிடி சொல்லிக்கொடுக்கிறவள், மந்திரம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தேன். என் சாமர்த்தியத்தை எங்கே போய்ச் சொல்ல.

போன மாதம் என் புருஷன் இருந்த ரெஜிமென்ட்டில் கூப்பிட்டிருந்தார்கள். என்னைப்போலக் கார்கில் சண்டையில் புருஷனை இழந்தவர்களை உட்காரவைத்துச் சால்வை போர்த்தி, கண்ணாடியில் செய்த ஒரு நினைவுப் பரிசு கொடுத்தார்கள், அது இப்போது டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது, வினோதினி தினமும் துடைக்கிறாள். சாப்பாட்டுக்கு முன்னால் மியூசியம் காட்டினார்கள். பழைய துப்பாக்கி, பழைய தொப்பி, யாரோ ஊதிய கொம்பு. ஒரு கண்ணாடிப் பெட்டியில் வெல்வெட் துணிமேல் அம்மா இருந்தாள். எங்கள் அம்மா. மஞ்சளில்லை, குங்குமமில்லை, பட்டில்லை, வெறும் மேனியாகப் பளபளவென்று ஒரு விளக்கு வெளிச்சத்தில். எனக்கு முதலில் வந்தது கோபம், எங்கள் வீட்டுக்குள் புகுந்து யாரோ எடுத்துவந்துவிட்டார்கள் என்று. கூட வந்த பழைய சுபேதார் நல்ல மனிதர், நின்று சொன்னார். "மொத உலகச் சண்டைல செத்துப்போனவங்க வீட்டுக்கெல்லாம் வெள்ளக்காரன் அனுப்பினதும்மா இது. ஒவ்வொண்ணுலயும் ஒரு பேரு. பதவியெல்லாம் கெடையாது, வெறும் பேருதான்." அந்தப் பெண் யார் என்று கேட்டேன். "அது அவங்க நாட்டப் பொம்பளையா வரைஞ்சது. நம்ம பாரதமாதா மாதிரி வச்சுக்குங்களேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். நான் போகவில்லை. செத்தவன் வீட்டுக்கு அனுப்பியது. அன்றைக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள், நான் என்ன தின்றேன் என்று தெரியாது.

செத்தவர் வீட்டுக்குக் கொடுப்பது எனக்குப் புதிதில்லை. எனக்கும் கொடுத்தார்கள். அவர் சவப்பெட்டி வந்த அன்று மேலே போர்த்தியிருந்த கொடியை மடித்து, மடித்து, ஒரு அதிகாரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நீட்டினார், என் இடுப்பில் பரசு இருந்தான், எந்தக் கையால் வாங்குவது என்று தெரியாமல் நின்றேன். அந்தக் கொடி பீரோவில் இருக்கிறது. ஓரத்தில் செவந்திப்பூச் சாறு பட்ட கறை. கொடியைத் துவைக்கலாமா கூடாதா என்று யாரிடம் கேட்பது, கேட்டால் என்ன நினைப்பார்கள், அதனால் துவைக்கவே இல்லை, அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறேன். அப்புறம் மெடல். அதற்கு முதல் நாள் எங்களைக் கூப்பிட்டு ஒத்திகை பார்த்தார்கள், இங்கிருந்து நடக்க வேண்டும், இங்கே நிற்க வேண்டும், கும்பிட வேண்டும், வாங்க வேண்டும், இந்தப் பக்கமாக இறங்க வேண்டும், காலிப் பெட்டியைக் கையில் கொடுத்துக் கொடுத்து வாங்கினார்கள். "கேமரா இருக்கும்மா, கொஞ்சம் தாங்கிக்குங்க" என்றாள் ஒரு பெண். காலிப் பெட்டியை வாங்கும்போதுதான் எனக்கு அழுகை வந்தது, மறுநாள் நிஜப் பெட்டிக்கு வரவே இல்லை. அவர்கள் மரியாதையாகத்தான் கொடுத்தார்கள், குறை சொல்ல மாட்டேன், எனக்கு எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. குப்பம்மாளுக்கு அதுகூடத் தெரியவில்லையே.

"அத்த, அம்மாவுக்குப் பூ நான் வெச்சிடட்டுமா?"

வினோதினி, என் மருமகள், வாசலில் உட்கார்ந்து கதம்பம் கட்டிக்கொண்டிருக்கிறாள். வயிறு முட்டிக்கொண்டு நிற்கிறது, ஆறாம் மாதம். கல்யாணத்தன்று தாலியை அம்மா காலடியில் வைத்தெடுத்துத்தான் கட்டவேண்டும் என்று அடம்பிடித்தவள் இவள், என்னைவிட இவளுக்குத்தான் பக்தி அதிகம். "இரு, நான் வெக்கிறேன், நீ எழுந்திருக்காத" என்றேன். என் குரல் சரியாகத்தான் வந்தது என்று நினைக்கிறேன். "இன்னும் துணி மாத்தலியா அத்த? காலைல கதவு சாத்திக்கினு இருந்தீங்களே?" மாத்திட்டேன், மாத்திட்டேன். பொய். துணி வாஷிங் மெஷின்மேல் கிடக்கிறது. குளியலறையில் இன்னும் தண்ணீர் விழுகிறது, நல்லவேளை, விழட்டும்.

இன்றைக்குத் தை வெள்ளி, விடிகாலையில் கண்ணைத் திறந்துகொண்டு தேய்த்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். கண்ணை மூடித் தேய்த்ததில் போகாத இத்தனை காலத்துக் குங்குமம் பாறையாக இறுகிப் போயிருந்தது, புளி, எலுமிச்சை, சாம்பல், பழைய பிரஷ், எல்லாம் போட்டேன், ரத்தம் கலந்ததுபோலத் தண்ணீர் ஓடிற்று. அம்மாவின் மூக்கு எப்போதோ தேய்ந்துவிட்டது, இத்தனை பொம்பளைகள் தேய்த்தால் யாருக்குத்தான் மூக்கு இருக்கும். ஓரத்து எழுத்தும் மழுங்கியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து ஒவ்வொன்றாக விரலால் தடவினேன். D, I, E, D. இதைப் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், அவர் போன பிறகு கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு காகிதத்திலும் இந்தச் சொல் இருந்தது. இதுதான் மந்திரம். இதைத்தான் நாங்கள் சூடம் காட்டிச் சுற்றி வந்தோம். சிங்கத்துக்கு மேலே ஒரு சின்னக் கட்டம், அதற்குள் பெயர். R. A. மிச்ச எழுத்தையும் கூட்டிப் படித்தேன். ரத்தினம். பஸ்ராத் தாத்தா. இந்த வீட்டில் பெண்டாட்டியை விட்டுப்போன எவனையும் பஸ்ராக்காரன் என்றுதான் திட்டுவோம், எதிர்வீட்டு மாப்பிள்ளை ஓடிப்போனபோது அத்தை தெருவில் நின்று பஸ்ராக்காரன், பஸ்ராக்காரன் என்று கத்தினார், நானும் சிரித்தேன். அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, பிள்ளை குட்டி பெற்று, பேரீச்சம்பழம் தின்றுகொண்டு சுகமாக இருந்துவிட்டார் என்று கதை. குப்பம்மாள் சாகிறவரை பொட்டும் தாலியுமாக இருந்தாளாம், கண் தெரியாத வயதிலும் காசளவு குங்குமம் வைத்துக்கொண்டு, அத்தை பார்த்திருக்கிறார். வராத புருஷனைத் திட்டிக்கொண்டே, அவன் செத்த சேதியை வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கும்பிட்டிருக்கிறாள். அவருக்கு ஒரு கருமாதி இல்லை, அமாவாசைக்கு ஒரு வாய்த் தண்ணீர் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. யார்மேல் எரிந்தது என்று தெரியவில்லை, எரிந்தது.

ஆனால் அதைவிட எரிகிறது பயம். கருமாதிச் சாமானிலிருந்து குங்குமம் எடுத்து அல்லவா நெற்றி நெற்றியாக வைத்து அனுப்பியிருக்கிறோம். பர்மா, பங்களாதேஷ், அவர், பரசு. போகிற பிள்ளையைப் பிடித்து நிறுத்தி, பார்த்துக்கொள், இப்படித்தான் அனுப்புவார்கள் என்று காட்டியிருக்கிறோம். இல்லை, இரண்டு பேர் வந்தார்களே. வந்தார்கள். அவர் வரவில்லையே. அவர் வராததற்குக் காரணம் வேறு. காரணம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்தத் தடவை லீவில் வந்தவரைப் பாதியிலேயே திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். வந்த நாளிலிருந்தே ஒரு மாதிரி இருந்தார், ஒருநாள் தன் அம்மாவிடம் போய், "அந்தத் துணிய அவுத்துக் காட்டும்மா, ஒருதரம் பாத்துட்டுத் தரேன்" என்றார். "அவுத்துப் பாக்கறதுக்கு அது இன்னா ரேடியோவாடா?" என்று அத்தை விரட்டிவிட்டார். கிளம்புகிற அன்று வாசலில் ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. உடுப்பும் பூட்ஸுமாக ஜீப் வரைக்கும் போனவர் திரும்பி விறுவிறுவென்று உள்ளே வந்து, பூட்ஸைக் கழற்றாமல், பூஜை அறைப் படி தாண்டி நின்றார். நான் பரசுவை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றேன், அவர் முதுகுதான் தெரிந்தது, வலது முழங்கை ஒருதரம் ஏறி இறங்கியது. அவ்வளவுதான், போய்விட்டார். அத்தை பக்கத்திலிருந்து பார்த்தார். பெட்டி வந்த அன்று மாரில் அடித்துக்கொண்டு அத்தை சொன்னது தெருவுக்கே கேட்டது. "பூட்ஸ் காலோட நின்னானே, ஒத்தக் கையால கும்பிட்டானே, அவ சும்மா வுடுவாளா!" அதன் பிறகு சாகிறவரை அத்தை அதைத்தான் சொன்னார். நானும் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே. பூட்ஸைக் கழற்றியிருந்தால் வந்திருப்பார் என்று நினைப்பது கொடுமைதான், ஆனால் அதில் ஒரு தெம்பு இருந்தது, பரசு விஷயத்தில் அந்தத் தப்பு நடக்காமல் நான் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா. ஒவ்வொரு தடவையும் அவன் காலைத்தான் பார்ப்பேன். வெறுங்கால், குளித்த கால், சரி, இந்தத் தடவையும் வந்துவிடுவான். இப்போது அம்மாவே இல்லை என்றால் பூட்ஸுக்கு என்ன குற்றம்? கோபப்பட அங்கே யாருமே இல்லை. காப்பாற்றவும் இல்லை. என் பிள்ளைக்குக் காவலென்று நான் நினைத்தது, பாவம், தனக்கே ஒரு கொள்ளி கிடைக்காத ஒரு பையன். இவனைவிடச் சின்னவனாகக்கூட இருந்திருப்பான்.

தண்ணீர் நின்றுவிட்டது.

நின்றுவிட்டது. கதவுத் தாழ்ப்பாள். என்ன செய்ய? பட்டுத்துணியை எடுத்துச் சுற்றி, டப்பாவிலிருந்து குங்குமத்தை அள்ளி அப்பிவிட்டால் ஆயிற்று, யாருக்கும் தெரியாது, அவன் நிம்மதியாகப் போவான். அதுதான் சரி. நிம்மதியில்லாமல் மலைமேல் போய் நிற்கிறவனுக்குக் கை தடுமாறும், கால் தடுமாறும், நான் எதையாவது உளறி அவன் நெஞ்சில் ஒரு முள்ளைச் செருகி அனுப்பினால் அப்புறம் எந்தத் தட்டைப் பார்த்து அழுவேன்? சுற்றிவிடலாம். ஆனால் தொட்டு வைக்க வேண்டுமே. இந்த விரலால் அந்தப் பெயரைத் தொட்டு இவன் நெற்றியில் வைக்க வேண்டுமே. முடியாது. செத்தாலும் முடியாது. அடுப்பை அணைத்தேன். அணைத்துவிட்டு எதற்கு அணைத்தேன் என்று நின்றேன். அந்த நேரத்தில்தான் வினோதினி கத்தினாள்.

"அத்த! இன்னா ஆச்சு அம்மாவுக்கு? துணி எங்க? குங்குமமெல்லாம் எங்க போச்சு?"

எழுந்திருக்காதே என்றால் கேட்பாளா. ஓடினேன். பூவும் கையுமாகப் பூஜை அறையில் நிற்கிறாள், அலமாரியில் வெண்கலம் வெறுமையாக மின்னுகிறது. ஈரத்தலையோடு சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே பரசு வந்துவிட்டான். "இன்னாமா?" சுத்தம் பண்ணேன்டா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"படி" என்றேன்.

"இன்னாத்தப் படிக்கணும்மா?"

"ஓரத்துல இருக்குது பாரு. இங்கிலீஷ்தான். படி."

அவன் குனிந்தான். விரலை வைத்து வட்டமாக நகர்த்தினான், உதடு மட்டும் அசைந்தது. ஒரு இடத்தில் விரல் நின்றது. அப்புறம் சிங்கத்துக்கு மேலே போனான், ஒவ்வொரு எழுத்தாகத் தடவினான். "ரத்தினம்" என்றான். "பஸ்ராத் தாத்தாவா?"

"ஆமா."

"அவரு அங்கயே இன்னொரு…"

"இல்லடா. ஓடிப்போவல. செத்துட்டாரு. செத்துட்டாருன்னு அனுப்பினத நாம சாமின்னு கும்பிட்டுக்கினு இருந்தோம். உனக்கு இதுலேருந்து எடுத்து இன்னாத்த வெப்பேன் நான், சொல்லு, இன்னாத்த வெப்பேன்!" கத்தினேன் என்று நினைக்கிறேன். வினோதினி சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள், கதம்பம் மடியில் விழுந்தது. வெளியே ஹாரன். பரசு என்னைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், வெளியே போனான். போய்விட்டான். ஒன்றுமில்லாமல், நெற்றி வெறுமையாக, இப்படி அனுப்பவா இத்தனை வருஷம் கண்ணில் வைத்து வளர்த்தேன். வாசலில் ஷூவின் கயிற்றை இழுத்துக் கட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு கால். இன்னொரு கால். கூப்பிடு, கூப்பிடு என்று மனசு அடித்துக்கொள்கிறது. அப்புறம் ஷூ சத்தம், வெளியே போகவில்லை, உள்ளே வந்தது.

"ஏங்க, ஷூ! ஷூவோட வராதீங்க!" என்று வினோதினி அலறினாள். அவன் பூஜை அறைப் படியைத் தாண்டினான். நான் விலகிப் பின்னால் போனேன், அன்றைக்கு நின்ற அதே இடம். அவன் முதுகு தெரிந்தது. குதிகால் இரண்டும் டப்பென்று சேர்ந்தன. வலது முழங்கை மேலே ஏறிற்று, நின்றது, இறங்கிற்று.

அந்த முழங்கை. கடவுளே, அந்த முழங்கை.

பரசு திரும்பினான். நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். "உங்கப்பா" என்றேன், அவனுக்குப் புரியவில்லை, மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன நினைவிருக்கும், "வந்து சொல்றேன், போன்ல சொல்றேன்" என்றேன். வினோதினி எழுந்து சமையலறைக்குப் போய்த் தன் குங்குமச் சிமிழை எடுத்துவந்து அவன் நெற்றியில் வைத்தாள், கோணலாக விழுந்தது. "போயிட்டு வரேம்மா" என்றான். வாசல் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தான், பார்க்கக் கூடாது, பார்த்தான், நானும் பார்த்தேன். கார் தெருமுனை திரும்புகிற வரை நின்றேன். பயம் போகவில்லை, அது போகாது, அவன் திரும்பி வந்து இந்த வாசலில் ஷூவைக் கழற்றுகிற வரை அது என்னோடுதான் இருக்கும். உள்ளே வந்து வினோதினியின் மடியிலிருந்து உதிர்ந்த பூவையெல்லாம் பொறுக்கி ரத்தினத்தின் முன்னால் வைத்தேன். ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்தேன். பிறகு கூடத்துச் சுவரில் மாலையோடு இருக்கிற அத்தையின் படத்துக்கு எதிரே போய் நின்று, வாய்விட்டே சொன்னேன். அந்த மியூசியப் பெட்டியை உங்கள் பிள்ளையும் பார்த்திருக்க வேண்டும் அத்தை. அவர் ஒற்றைக் கையால் கும்பிடவில்லை. சல்யூட் வைத்தார். அது யார் என்று தெரிந்துதான் போனார்.